கண்டம் தாண்டிய குழந்தையை எங்கே தேற்றுவது? எஃப்-100 பால், ஆர்.யூ.டி.எஃப். பொட்டலம், வீட்டுச் சாப்பாடு: ஓர் ஒப்பீடு

கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாட்டோடு மருத்துவமனையில் சேர்ந்த குழந்தை முதல் கண்டத்தைத் தாண்டிவிட்டது. உடம்பு சில்லிடுவதில்லை. ரத்தச் சர்க்கரை இறங்குவதில்லை. பேதி அடங்கிவிட்டது, புறங்கால் வீக்கம் வடிகிறது. கிண்ணத்தைக் கண்டதும் கை நீட்டுகிறது. இனி எங்கே வைத்து, எதைக் கொடுத்துத் தேற்றுவது என்ற கேள்வி அன்றைக்கே வந்துவிடும். அம்மா இன்னும் இரண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்திருப்பார். பக்கத்துக் கட்டிலில் நிமோனியாவோடு ஒரு குழந்தை இருமிக்கொண்டிருக்கும்.

தெற்காசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நடைமுறையில் இருப்பவை நான்கு வழிகள். வார்டிலேயே வைத்து எஃப்-100 எனப்படும் சத்துக் கூட்டிய சிகிச்சைப் பாலில் தேற்றுவது ஒன்று. ஆர்.யூ.டி.எஃப். எனப்படும் நிலக்கடலைப் பசைப் பொட்டலத்தோடு சீக்கிரமே வீட்டுக்கு அனுப்புவது இரண்டாவது. வார்டில் பாதி, வீட்டுச் சாப்பாட்டில் மீதி என்பது மூன்றாவது. இந்தியாவின் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கின்றன. காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பகல்நேரப் பராமரிப்பு நான்காவது. வார்டில் வேலை செய்கிறவர்களையும், குழந்தை வீடு திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளும் அங்கன்வாடி, கிராமச் செவிலியர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம்.

முதலில், கேள்வி கேட்கும் நேரம் வந்துவிட்டதா?

தவறான வழியைத் தேர்ந்ததால் வரும் சேதத்தைவிட, சரியான வழியை நேரத்துக்கு முந்தித் தொடங்கியதால் வரும் சேதம் பெரிது. தொடக்கப் பாலான எஃப்-75 எடை கூட்டுவதற்கானது அல்ல. 100 மி.லி.யில் 75 கிலோகலோரி, 0.9 கிராம் புரதம், அவ்வளவுதான். மாதக்கணக்கில் பட்டினியில் கிடந்த உடம்பு இதயம், சிறுநீரகம், ஈரல், குடல் எல்லாவற்றின் வேகத்தையும் குறைத்துக்கொண்டுதான் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. அதற்கு மேல் கொடுத்தால் தாங்காது. நாளொன்றுக்குக் கிலோவுக்கு 130 மி.லி., வீக்கம் கடுமையாக இருந்தால் 100 மி.லி. என்ற அளவு இதனால்தான் வந்தது.

'மூன்று நாளாக எடையே ஏறவில்லை' என்று பாலைக் கூட்டுவதும், முட்டை கொடுப்பதும், வீக்கத்துக்கு நீர் பிரியும் மருந்து கொடுப்பதும் இந்தக் கட்டத்தில் உயிருக்கே ஆபத்து. வீக்கத்தோடு வந்த குழந்தை, வீக்கம் வடிய வடிய எடை குறையத்தான் செய்யும். அது தேறுவதன் அடையாளம். அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், 'வந்ததைவிட இளைத்துவிட்டான்' என்று நான்காம் நாளே கிளம்பிவிடுவார்.

அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்பதற்கு மூன்று அடையாளங்கள் போதும். பசி திரும்பியிருக்க வேண்டும்: நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் பாலைச் சுணங்காமல் குடித்து முடிக்க வேண்டும், மூக்குக் குழாய் தேவைப்படக் கூடாது. வீக்கம் குறைந்துகொண்டிருக்க வேண்டும். நோய்த்தொற்றும் மற்றச் சிக்கல்களும் கட்டுக்குள் வந்திருக்க வேண்டும். சில குழந்தைகள் இரண்டே நாளில் இங்கே வந்துவிடுகிறார்கள், சிலருக்கு ஒரு வாரம் ஆகிறது. நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

வழிகளை எடை போட ஒரே அளவுகோல் வேண்டும் என்பதற்காக, 6.2 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையைக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம்.

வார்டிலேயே எஃப்-100

இதில் 100 மி.லி.க்கு 100 கிலோகலோரி, 2.9 கிராம் புரதம். முதல் 48 மணி நேரம் அளவைக் கூட்டக் கூடாது. எஃப்-75 எவ்வளவு குடித்ததோ அதே அளவு எஃப்-100. கிலோவுக்கு 22 மி.லி. வீதம், நம் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 135 மி.லி., நாளைக்கு ஆறு வேளை. மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொரு வேளைக்கும் 10 மி.லி. கூட்டி, கிண்ணத்தில் கொஞ்சம் மிஞ்சும்வரை போகலாம். பெரும்பாலும் கிலோவுக்கு 30 மி.லி., அதாவது 185 மி.லி. வாக்கில் நிற்கும். நாள் கணக்கில் 930 மி.லி.க்குக் குறையாமலும் 1,364 மி.லி.யைத் தாண்டாமலும் இருக்க வேண்டும்.

இந்த இரண்டு நாள்தான் இதயம் திணறக்கூடிய நேரம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மூச்சையும் நாடியையும் எண்ணிக் குறிக்க வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 5, நாடி 25 என இரண்டும் கூடி, அடுத்தடுத்த இரு அளவீட்டிலும் அப்படியே இருந்தால் பாலை உடனே வேளைக்குக் கிலோவுக்கு 16 மி.லி.யாகக் குறைக்க வேண்டும். ஒரு நாள் கழித்து 19, பிறகு இரண்டு நாள் 22, அப்புறம்தான் பழையபடி கூட்டலாம். காய்ச்சலாலும் அழுகையாலும் நாடி ஏறும் என்பதால், குழந்தை தூங்கும்போது எண்ணுவதே நம்பத்தக்கது.

பாக்கெட் எஃப்-100 இல்லாத இடத்தில் வார்டு அடுக்களையிலேயே செய்துகொள்ளலாம். கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 80 கிராம், சர்க்கரை 50 கிராம், எண்ணெய் 60 கிராம், தாது உப்புக் கரைசல் 20 மி.லி., கொதித்து ஆறிய தண்ணீர் சேர்த்து மொத்தம் 1,000 மி.லி. கொழுப்பு நீக்காத பவுடர் என்றால் பவுடர் 110 கிராம், சர்க்கரை 50, எண்ணெய் 30 கிராம். பசும்பால் என்றால் பால் 880 மி.லி., சர்க்கரை 75 கிராம், எண்ணெய் 20 மி.லி., தாது உப்புக் கரைசல் அதே 20 மி.லி.

பிசகும் இடங்களும் இங்கேதான். 'மொத்தம் 1,000 மி.லி.' என்பதை '1,000 மி.லி. தண்ணீர்' என்று படித்துவிட்டால் பால் நீர்த்துப்போகும். குழந்தை முழுவதும் குடிக்கும், எடை மட்டும் ஏறாது. எண்ணெயை நன்றாக அடித்துக் கலக்காவிட்டால் அது மேலே மிதந்து பாத்திரத்தோடு போய்விடும். சக்தியில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. எந்த வகைப் பவுடர் வந்திருக்கிறது என்று பார்க்காமல் பழைய அளவிலேயே கலக்குவதும் நடக்கிறது. தாது உப்புக் கரைசல் தீர்ந்துபோனால் 'பால்தானே முக்கியம்' என்று விட்டுவிடுகிறார்கள். வீக்கம் வடியாமல் இழுத்தடிப்பதற்குப் பொட்டாசியமும் மக்னீசியமும் இல்லாததே பலமுறை காரணம். கரைசல் இல்லாவிட்டால் கிலோவுக்கு 3 முதல் 4 மில்லிமோல் பொட்டாசியம் மருந்தாகவாவது உள்ளே போக வேண்டும்.

இரும்புச்சத்து மருந்தை, எஃப்-100 குடித்து எடை ஏறத் தொடங்கிய பிறகே கிலோவுக்கு 3 மி.கி. வீதம் கொடுக்க வேண்டும். நோய்த்தொற்று அடங்கும் முன் கொடுத்தால் அது கிருமிக்கே தீனி.

வார்டு எஃப்-100-இன் பலம் வேகமும் கண்காணிப்பும். நாளைக்குக் கிலோவுக்கு 10 கிராமுக்கு மேல் எடை கூடுவதை நல்ல தேர்ச்சி என்றும், 5-க்குக் கீழ் இருப்பதை மோசம் என்றும் கணக்கிடுவது வழக்கம். நம் குழந்தை 7 நாளில் 6.2-இலிருந்து 6.5 கிலோ ஆனால், 300 கிராமை 7 நாளாலும் 6.2 கிலோவாலும் வகுக்க 6.9 வரும், நடுத்தரம். ஒரே குழந்தை மட்டும் ஏறாவிட்டால் சிறுநீர்த் தொற்று, காது, காசநோய், எச்.ஐ.வி. என்று தேடலாம். வார்டில் எல்லாக் குழந்தைகளுமே ஏறாவிட்டால் அடுக்களைக்குப் போய்ப் பால் கலக்குவதைப் பார்க்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கான பால் உண்மையிலேயே கொடுக்கப்படுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பலவீனம், குழந்தை எத்தனை நாள் இருக்கிறதோ அத்தனை நாள் மற்றவர்களின் கிருமியோடு இருக்கிறது என்பது. அம்மாவின் கூலி போகிறது. இன்னொன்று, எஃப்-100 வீட்டுக்குப் போக முடியாத உணவு. கலக்கிய பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம்தான் தாங்கும், அதன் பிறகு கிருமி பெருகும். டிஸ்சார்ஜ் அன்று குழந்தையின் முக்கிய உணவு ஒரே அடியாக நின்றுவிடுகிறது. இந்த வழியின் பெரிய ஓட்டை இதுதான்.

ஆர்.யூ.டி.எஃப். பொட்டலம்

அந்த ஓட்டையை அடைக்கவே இது பிறந்தது. பிரெஞ்சுக் குழந்தை மருத்துவர் ஆந்திரே பிரியாந்தும் மிஷல் லெஸ்கானும் 1990-களில் உருவாக்கிய ப்ளம்பிநட் இதன் மூதாதை. எஃப்-100-இன் பால் பவுடரில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு நிலக்கடலைப் பசையைச் சேர்த்தார்கள். தண்ணீரே இல்லாத பசை என்பதால் திறந்து வைத்தாலும் கிருமி வளர்வது கடினம். கலக்கவோ காய்ச்சவோ வேண்டாம். 92 கிராம் பொட்டலத்தில் 500 கிலோகலோரி. இரும்பு உட்பட வைட்டமின்களும் தாது உப்புகளும் உள்ளேயே இருக்கின்றன. ஆகவே தனியாக இரும்பு மருந்து கொடுக்கக் கூடாது.

2007-இல் உலக சுகாதார நிறுவனம், யூனிசெஃப், உலக உணவுத் திட்டம் முதலியவை சேர்ந்து, சிக்கலற்ற குழந்தைகளை ஊரிலேயே வைத்து இதனால் தேற்றலாம் என்று அறிவித்தன. 2022-இல் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் இதற்கான தர வழிகாட்டியை ஏற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டியில் அளவு நாளைக்குக் கிலோவுக்கு 150 முதல் 185 கிலோகலோரி. நம் குழந்தைக்கு 930 முதல் 1,147. ஆக நாளைக்கு இரண்டு பொட்டலம்.

வார்டிலிருந்து இதற்கு மாற்றும்போது பசிச் சோதனையை, அதாவது குழந்தை பசையை விரும்பிச் சாப்பிடுகிறதா என்று பார்ப்பதை, அவசரமாகச் செய்யக் கூடாது. சத்தமில்லாத இடத்தில், அம்மா கையைக் கழுவிக்கொண்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் டம்ளரில் குடிதண்ணீர் இருக்க வேண்டும். இவ்வளவு கெட்டியான பசை தாகம் எடுக்க வைக்கும். அரை மணி நேரம் கொடுக்கலாம், திணிக்கக் கூடாது. முதல் 12 மணி நேரத்தில் குறித்த அளவில் பாதியைக்கூடச் சாப்பிடாவிட்டால் எஃப்-75-க்குத் திரும்பி, ஓரிரு நாள் கழித்து மறுபடி முயல வேண்டும். பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்து மூக்குக் குழாயில் விடுவது கூடவே கூடாது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கும் இது இல்லை.

செனகலில் 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், எஃப்-100 பெற்ற குழந்தைகள் நாளைக்குக் கிலோவுக்கு 10.1 கிராமும், இந்தப் பசை பெற்றவர்கள் 15.6 கிராமும் எடை கூடினார்கள், தேற 17.3 நாள் ஆனது 13.4 நாளாகக் குறைந்தது. மலாவியில் 2005-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் 1,178 குழந்தைகள். பசையோடு வீட்டில் தேறியவர்களில் 79 சதவீதம் பேர் இலக்கை எட்டினார்கள். வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சையில் 46 சதவீதம். ஆனால் வீட்டில் எடை கூடிய வேகம் 3.5 கிராம்தான். வார்டில் கிடைக்கும் வேகத்தை வீட்டில் எதிர்பார்த்து, 'பொட்டலம் வேலை செய்யவில்லை' என்று சொல்வது நியாயமில்லை. அண்ணன், தங்கைக்கும் ஒரு வாய் போகும். காய்ச்சல் வந்த நாளில் சாப்பாடு இறங்காது. வீட்டில் அது அப்படித்தான்.

பங்கு போவதைத் தடுக்க மிரட்டிப் பயனில்லை. இது மருந்து, மாத்திரையை மற்ற பிள்ளைக்குக் கொடுப்போமா என்று அம்மாவிடமும் பாட்டியிடமும் சேர்ந்து பேசலாம். வீட்டில் மற்ற பிள்ளைகளுக்குச் சாப்பாடே இல்லை என்றால் அந்தப் பேச்சு எடுபடாது. அந்த வீட்டுக்கு அரிசி, பருப்பு போய்ச் சேர வழி செய்தாக வேண்டும். சரக்கு தடைபடுவது இன்னும் மோசம். ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பொட்டலம் கிடைக்கும் என்ற உறுதி இல்லாமல், கையில் இருக்கும் ஒரு வாரப் பொட்டலத்தை நம்பிக் குழந்தையை வீட்டுக்கு அனுப்புவது அரைகுறைச் சிகிச்சை.

இந்தியாவில் இதற்குக் கொள்கைத் தடையும் இருந்தது. 2009-இல் இறக்குமதிப் பொட்டலங்களை மத்திய அரசு ஏற்க மறுத்தது. 2017-இல் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் இது தேசியக் கொள்கை அல்ல என்று மாநிலங்களுக்கு எழுதியது. வணிக நிறுவனத்தின் பொட்டலம் வீட்டுச் சாப்பாட்டையும் தாய்ப்பாலையும் தள்ளிவிடும் என்ற அச்சம் அதன் பின்னால் இருந்தது. அந்த அச்சத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் எட்டு வாரச் சிகிச்சை உணவையும், வாழ்நாள் சாப்பாட்டையும் ஒரே தட்டில் வைத்து எடை போட்டதால், நடுவில் நின்ற குழந்தைக்கு இரண்டும் கிடைக்காமல் போனதையும் சொல்லியாக வேண்டும்.

வீட்டுச் சாப்பாடு

இங்கே தோல்வி பெரும்பாலும் கணக்கில்தான் நடக்கிறது, அக்கறையில் அல்ல. 100 மி.லி. தண்ணீரில் 10 கிராம் மாவு கரைத்துக் காய்ச்சினால் ஏறத்தாழ 35 கிலோகலோரி. 930 எட்ட நம் குழந்தை இரண்டரை லிட்டருக்கு மேல் கஞ்சி குடிக்க வேண்டும். ஒரு வேளைக்கு 185 மி.லி. கொள்ளும் வயிறு அது. கஞ்சி எவ்வளவு சத்தான மாவில் காய்ச்சினாலும், நீர்க்க இருந்தால் குழந்தை வயிறு நிறைந்தும் பட்டினிதான். ஐந்து மி.லி. எண்ணெய் 40 கிலோகலோரி தருகிறது. அந்தக் கரண்டி எண்ணெய்தான் வீட்டுச் சாப்பாட்டைச் சிகிச்சை உணவாக்குகிறது.

டாக்காவின் ஐசிடிடிஆர்,பி மருத்துவமனை இதை நன்றாகவே வடிவமைத்திருக்கிறது. அவர்களுடைய கிச்சுரி: அரிசி 120 கிராம், மசூர் பருப்பு 60, உருளைக்கிழங்கு 100, பூசணி 100, கீரை 80, வெங்காயம், மசாலா, எண்ணெய் 70 மி.லி., தண்ணீர் ஒரு லிட்டர். கிலோவுக்கு 1,442 கிலோகலோரி. அல்வா: கோதுமை மாவு 200 கிராம், பருப்பு 100, வெல்லப்பாகு 125, எண்ணெய் 100 மி.லி., தண்ணீர் 600 மி.லி. கிலோவுக்கு 2,404. நம் குழந்தைக்குக் கிச்சுரியாக 645 கிராம், அல்வாவாக 390 கிராம் போதும்; ஆறு வேளையாகப் பிரித்தால் வயிறு கொள்ளும். நம் பக்கத்துக் குழைந்த பருப்புச் சாதத்துக்கும் பொங்கலுக்கும் இதே கணக்கு பொருந்தும்: அரிசி இரண்டு பங்கு, பருப்பு ஒரு பங்கு, எண்ணெய் தாராளம், தண்ணீர் அளவோடு.

எண்ணெயை அம்மாக்கள் தாமாகச் சேர்ப்பது அரிது. பேதியில் இருந்து வந்த குழந்தைக்கு எண்ணெய் ஆகாது என்ற எண்ணம் ஊரில் ஆழமாக இருக்கிறது, பாட்டி கண்டிப்பாகத் தடுப்பார். வார்டில் குழந்தை அதைச் சாப்பிட்டுப் பேதி ஆகாமல் இருப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும்.

எவ்வளவு எண்ணெய் விட்டாலும் அரிசியும் பருப்பும் பொட்டலத்தில் உள்ள துத்தநாகத்தையும் செம்பையும் பொட்டாசியத்தையும் தராது. கிலோவுக்கு 2 மி.கி. துத்தநாகம், மல்ட்டிவைட்டமின், ஃபோலிக் அமிலம், உரிய நேரத்தில் இரும்பு எல்லாம் மருந்தாக வீட்டுக்குப் போயாக வேண்டும்.

பசையா, வீட்டுச் சாப்பாடா என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு நேர் ஒப்பீடு இருக்கிறது. டெல்லி, ராஜஸ்தான், தமிழ்நாட்டில் வேலூர் ஆகிய இடங்களில் 906 குழந்தைகளிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு அது. எல்லோரும் சிக்கலற்ற குழந்தைகள். 16 வாரத்துக்குள் தேறியவர்கள் உள்ளூரில் தயாரித்த பசையில் 56.9 சதவீதம், தொழிற்சாலைப் பசையில் 47.5, சத்துக் கூட்டிய வீட்டுச் சாப்பாட்டில் 42.8. உள்ளூர்ப் பசைதான் தெளிவாக முந்தியது. ஆனால் ஆய்வின் முடிவில் உயரத்துக்குரிய எடை −2 கோட்டுக்கு (அதற்குக் கீழே இருந்தால் மெலிவு) மேலே இருந்தவர்களின் பங்கு, உள்ளூர்ப் பசையிலும் வீட்டுச் சாப்பாட்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பசை சீக்கிரம் ஏற்றுகிறது. ஏறியதைத் தக்கவைப்பது வேறு வேலை. இரண்டாவதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது எங்கள் வருத்தம்.

இந்திய மறுவாழ்வு மையங்களின் கணக்கையும் பார்த்துவிடலாம். 2011 செயல்பாட்டு வழிகாட்டி, சேர்ந்த எடையிலிருந்து 15 சதவீதம் கூடுவதை டிஸ்சார்ஜ் அளவுகோலாக வைத்தது. தங்கும் காலம் பொதுவாக இரண்டு வாரம். நம் குழந்தைக்கு 15 சதவீதம் என்றால் 930 கிராம். நிலைப்படுத்த நான்கு நாள், மாற்றத்துக்கு இரண்டு நாள் போக மிஞ்சுவது எட்டு நாள். எட்டு நாளில் 15 சதவீதம் ஏற நாளைக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 19 கிராம் கூட வேண்டும். 10 கிராம் என்ற நல்ல வேகத்திலேயே 15 நாள் ஆகும், 5 கிராம் என்றால் ஒரு மாதம். ஆக, இரண்டு வாரத்தில் வீட்டுக்குப் போகும் குழந்தைகளில் பலர் பாதி தேறியவர்களே. மையத்தில் இருப்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் குழந்தையைத் 'தேறியது' என்ற கட்டத்தில் குறிக்காமல் 'சிகிச்சை வீட்டில் தொடர்கிறது' என்று குறிப்பதுதான் செய்யக்கூடியது.

பகல்நேரப் பராமரிப்பு

டாக்காவில் 1994-இல் வெளியான ஆய்வு மூன்று ஏற்பாடுகளை நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. 12 முதல் 60 மாதம் வரையிலான 437 குழந்தைகள். உயரத்துக்குரிய எடையில் 80 சதவீதத்தை எட்ட, வார்டில் தங்கியவர்களுக்கு 18 நாள், பகல்நேரப் பராமரிப்பில் 23 நாள், ஒரு வாரம் பகல்நேரத்தில் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியவர்களுக்கு 35 நாள். எடை கூடிய வேகம் முறையே 11, 6, 4 கிராம். மூன்றிலும் இறப்பு குறைவு. மருத்துவமனைக்கு மிகக் குறைந்த செலவு வீட்டு வழியில். பெற்றோருக்கும் அதுவே பிடித்திருந்தது, ஆனால் அவர்கள் கையிலிருந்து செலவானதும் அதில்தான் அதிகம்.

பொட்டலம் வருவதற்கு முந்தைய ஆய்வு இது. வீட்டுக்குப் போனவர்களுக்கு உணவு எதுவும் கொடுத்தனுப்பவில்லை. அப்படியும் தேறினார்கள். காரணம், அனுப்புவதற்கு முன்னால் அந்த ஒரு வாரம் கவனமாகப் பார்த்தார்கள், பிறகு பணியாளர்கள் வீடு தேடிப் போனார்கள். பகல்நேர ஏற்பாடு வீடு பக்கத்தில் இருப்பவர்களுக்கே ஒத்துவரும். தினமும் இரண்டு பஸ் மாறி வர வேண்டிய அம்மா நான்காம் நாள் நின்றுவிடுவார். இரவுச் சாப்பாடு வீட்டுப் பொறுப்பு என்பதால், மாலையில் கிளம்பும்போது இரவுக்கும் விடியலுக்கும் என்ன கொடுப்பது என்று கையோடு சொல்லியனுப்ப வேண்டும்.

எங்கள் தீர்ப்பு

ஆறு மாதத்துக்குக் கீழே என்றால் கேள்விக்கே இடமில்லை. வார்டுதான், அங்கே செய்ய வேண்டிய முதல் வேலை தாய்ப்பாலை மீட்பது. 8-ஆம் எண் மூக்குக் குழாயின் ஒரு நுனியை முலைக்காம்பில் ஒட்டி, மறுநுனியை நீர்த்த எஃப்-100 உள்ள கிண்ணத்தில் விட்டு, குழந்தையைச் சப்ப வைப்பது. நீர்த்த பால் என்பது 100 மி.லி. எஃப்-100-க்கு 35 மி.லி. தண்ணீர். வீக்கம் இருந்தால் அது வடியும்வரை எஃப்-75. கிண்ணத்தை முதலில் காம்புக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே பிடித்து, குழந்தைக்கு வலு வர வர 30 செ.மீ. வரை தாழ்த்த வேண்டும். சப்பச் சப்பத்தான் பால் ஊறும்.

ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு, எட்டு வாரப் பொட்டலம் உறுதியாகக் கிடைக்கும் இடத்தில், வீக்கம் முழுதாக வடிந்து பசிச் சோதனையில் தேறிய அன்றே வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கலாம். வார்டில் எடை ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். மிச்சமாகும் ஒவ்வொரு நாளும் தொற்றிலிருந்து தப்பும் நாள்.

பொட்டலம் இல்லாத இடத்தில் அவசரப்படக் கூடாது. எஃப்-100-இல் குறைந்தது மூன்று நாள் தொடர்ந்து கிலோவுக்கு 5 கிராமுக்கு மேல் ஏறிய பிறகு, வார்டிலேயே வீட்டுச் சாப்பாட்டுக்கு மாற்ற வேண்டும். ஒரு வேளை எஃப்-100-க்குப் பதில் அம்மா சமைத்த சாப்பாடு, மறுநாள் இரண்டு வேளை, பிறகு மூன்று. அம்மாவே அளந்து, அவர் வீட்டில் இருக்கும் அதே கரண்டியால் எண்ணெய் விட்டுச் சமைக்க வேண்டும். அந்த நாள்களிலும் எடை ஏறினால்தான் டிஸ்சார்ஜ். எஃப்-100-இல் ஏறிய எடையை மட்டும் பார்த்து அனுப்புவது, ஒருவர் ஓட்டிய வண்டிக்கு இன்னொருவருக்கு லைசென்ஸ் கொடுப்பது போல.

எந்த வழியானாலும் விளையாட்டை விடக் கூடாது. நாளைக்கு 15 முதல் 30 நிமிடம் குழந்தையோடு பேசி, கிலுக்கு ஆட்டி, உருட்டி விளையாடுவது சிகிச்சையின் ஒரு பகுதி. வாடிப்போன மூளைக்கு அதுதான் எஃப்-100.

வீட்டுக்குப் போன பிறகு முதல் மூன்று மாதம் எவ்வளவு ஆபத்தானது என்பதை இன்னொரு டாக்கா ஆய்வு காட்டியது, வெளியானது 2014-இல். கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடும் நிமோனியாவும் வந்து மருத்துவமனையில் தேறி வீடு திரும்பிய 369 குழந்தைகளில் 32 பேர் மூன்றே மாதத்தில் இறந்துபோனார்கள். நம் மையங்களில் மறுபரிசோதனை 15 நாளுக்கு ஒருமுறை என்பது வழக்கம். முதல் ஒரு மாதமாவது வாரம் ஒருமுறை இருக்க வேண்டும் என்பது எங்கள் வாதம். குழந்தையால் மையத்துக்கு வர முடியாவிட்டால், அங்கன்வாடிப் பணியாளரோ கிராமச் செவிலியரோ ஏழாம் நாள் வீட்டுக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் 2022-இல் நீலகிரியில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் மெலிந்த குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. வார்டிலிருந்து திரும்பும் குழந்தையின் பெயர் அதே பட்டியலில் அன்றைக்கே ஏறுவது எளிய காரியம்.

டிஸ்சார்ஜ் அட்டையில் மருந்துப் பெயர்களுக்கு மேலே பெரிய எழுத்தில் இருக்க வேண்டியவை இவை: இன்றைய எடை, மேல்கைச் சுற்றளவு, ஒரு நாளைக்கு எத்தனை வேளை, வேளைக்கு எவ்வளவு, எத்தனை கரண்டி எண்ணெய், அடுத்த வருகையின் தேதி, அங்கன்வாடிப் பணியாளரின் பெயர். அதன் கீழே, உடனே திரும்பி வர வேண்டிய அறிகுறிகள்: இரண்டு வேளை தொடர்ந்து சாப்பிட மறுப்பது, கால் வீங்குவது, பேதி, காய்ச்சல் அல்லது உடம்பு சில்லிடுவது, வேகமான மூச்சு, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது. மேல்கைச் சுற்றளவை வைத்துச் சேர்த்த குழந்தைக்கு, அது 125 மி.மீ.யை எட்டி, வீக்கம் இல்லாமல் இரண்டு வாரம் நின்ற பிறகே அந்த அட்டையை மூடலாம்.